எதை எதோடு வைத்துக் காட்டுவது?

சென்ற அத்தியாயத்தில் உங்கள் பேச்சின் மையக் கருத்தை ஒரே வாக்கியமாக ஒரு தாளில் எழுதி வைத்தோம். அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியை இன்னும் திறக்க வேண்டாம். பெரும்பாலோர் இந்தக் கட்டத்தில் நேரே பவர்பாயிண்டைத் திறந்துவிடுகிறார்கள். மேலே ஒரு தலைப்பு, கீழே ஐந்தாறு புள்ளிகள், இடம் மிச்சமிருந்தால் இணையத்தில் கிடைத்த கைகுலுக்கும் படம் ஒன்று என்று ஸ்லைடுகள் நிரம்பத் தொடங்கும். அப்படி நிரம்பிய ஸ்லைடுகளிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவருவது மிகக் குறைவு.

தாளில் மையக் கருத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: எதிரே இருப்பவர்கள் இதை நம்ப வேண்டுமானால் எதை எதோடு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்? சொட்டுநீர் போட்ட வயலைப் போடாத வயலோடா? திட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டைப் பிந்தைய ஆண்டோடா? நம் ஊர்க் கிணற்று மட்டத்தைப் பக்கத்து ஊர்க் கிணற்று மட்டத்தோடா? இந்த வரியை எழுத முடியவில்லை என்றால் உங்களுக்கு இப்போதைக்குப் படம் தேவையில்லை. வாயால் சொன்னாலே போதும். எழுத முடிந்தால், உங்கள் ஸ்லைடுகளில் பாதி வேலை முடிந்தது. அந்த ஒப்பீட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதுதான் மீதி. அதற்கு உதவாத எதுவும் திரையில் இருக்க வேண்டியதில்லை.

இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதிக்கு அமெரிக்க விண்வெளி ஓடங்களின் இரண்டு விபத்துகளையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். விற்பனைக் கூட்டமும் கல்லூரிக் கருத்தரங்கும் இருக்க, இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று தோன்றலாம். எந்தப் படம் காட்டப்பட்டது, எதைக் காட்டாமல் விட்டார்கள், பிறகு என்ன நடந்தது என்ற மூன்றும் முழுமையாகப் பொதுவெளியில் பதிவாகியிருக்கும் உதாரணங்கள் மிகச் சில. இவை அந்தச் சிலவற்றைச் சேர்ந்தவை.

சேதமில்லாத நாட்களும் கணக்கில் உண்டு

சேலஞ்சர் ஓடத்தை மேலே தூக்கிச் செல்லும் திட எரிபொருள் ராக்கெட்டுகளை யூட்டா மாநிலத்திலிருந்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனம் செய்தது. ராக்கெட்டைத் துண்டு துண்டாகச் செய்து, ஏவுதளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். பொருத்தும் இணைப்புகளில் சூடான வாயு கசியாமல் அடைப்பது ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம்; கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான தடிமன்தான். 1986 ஜனவரி 28 காலையில் ஃபுளோரிடாவில் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே போகலாம் என்று முன்னறிவிப்பு வந்தது. குளிரில் ரப்பர் விறைத்துவிடும், இடைவெளியை அடைக்காது என்று நிறுவனத்தின் பொறியாளர்கள் பயந்தார்கள். 27-ஆம் தேதி மாலை அவசர அவசரமாக, பெரும்பாலும் கையால் எழுதி, 13 பக்கங்களை நாசாவுக்குத் தொலைநகலில் அனுப்பினார்கள். தொலைபேசி வழியே கூட்டம் நடந்தது. ஏவ வேண்டாம் என்பதுதான் அவர்கள் பரிந்துரை.

அவர்கள் பயம் சரி. பரிந்துரையும் சரி. ஆனால் அந்தப் பக்கங்களில் சேதம் ஓரிடத்தில் இருந்தது, வெப்பநிலை வேறோரிடத்தில் இருந்தது. முந்தைய பயணங்கள் அத்தனையின் வெப்பநிலையையும் சேதத்தையும் சேர்த்து வைத்த ஒரே ஒரு படம்கூட இல்லை. விவாதம் இரண்டு பயணங்களைச் சுற்றியே நடந்தது: சுமார் 12 டிகிரி செல்சியஸில் ஏவிய 1985 ஜனவரிப் பயணம், சுமார் 24 டிகிரியில் ஏவிய அதே ஆண்டு அக்டோபர்ப் பயணம். இரண்டிலும் வளையங்களைத் தாண்டி வாயு கசிந்திருந்தது. குளிரிலும் கசிகிறது, வெயிலிலும் கசிகிறது என்றால் குளிரைக் குறை சொல்வது எப்படி என்ற கேள்விக்கு மேசையில் பதில் இல்லை. நிறுவனத்தின் மேலாளர்கள் தங்கள் பொறியாளர்களின் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார்கள். மறுநாள் காலை, புறப்பட்ட 73-ஆவது நொடியில் ஓடம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் தன் அறிக்கையில் இரண்டு வரைபடங்களை அடுத்தடுத்து வெளியிட்டது. முதலாவதில், சேதம் ஏற்பட்ட ஏழு பயணங்கள் மட்டும். கிடையச்சில் வெப்பநிலை, நிலையச்சில் சேதங்களின் எண்ணிக்கை. புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். எந்தத் தொடர்பும் புலப்படாது. இரண்டாவதில், சேதமே ஏற்படாத பயணங்களையும் சேர்த்திருந்தார்கள். இப்போது படம் பேசத் தொடங்குகிறது. சுமார் 18 டிகிரிக்கு மேல் ஏவிய 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். அதற்குக் கீழே ஏவியவை நான்கு, நான்கிலும் சேதம். சேலஞ்சரை ஏவும் காலைக்கு எதிர்பார்த்த வெப்பநிலையோ, இதுவரை எந்தப் பயணமும் போகாத இடது கோடியில், காலியான இடத்தில் இருந்தது.

சேதமில்லாத 17 பயணங்களை யாரும் மறைக்கவில்லை. கோளாறைப் பற்றிப் பேசும்போது கோளாறு நடந்த நாட்களை மட்டும் பட்டியலிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஒரு பள்ளித் தலைமையாசிரியர், இடைநின்ற பிள்ளைகளின் வீடுகள் பள்ளியிலிருந்து வெகு தொலைவில் இருக்கின்றன என்று காட்டிப் பேருந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைநின்ற பிள்ளைகளின் தொலைவை மட்டும் காட்டினால், கேட்பவர் மனதில் உடனே எழும் கேள்வி: ஒழுங்காக வரும் பிள்ளைகளின் வீடு எவ்வளவு தொலைவு? அவர்களும் அதே தொலைவிலிருந்து வருகிறார்கள் என்றால் காரணம் பேருந்து அல்ல. இரு தரப்பையும் ஒரே அச்சில் வைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமே இருக்காது. அவ்வாறு வைத்துப் பார்க்கும்போது தன் வாதம் தவறு என்று அவருக்கே தெரியவந்தாலும் நல்லதுதான். கூட்டத்துக்கு முன்பே தெரிந்துகொண்டார்.

சேலஞ்சர் வரைபடங்களைப் பற்றித் தகவல் வடிவமைப்பு வல்லுநர் எட்வர்ட் டஃப்டி 1997-இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதி, உலகம் முழுக்க வகுப்பறைகளுக்கு இந்த உதாரணத்தைக் கொண்டு சேர்த்தார். அவர் பொறியாளர்கள்மீது வைத்த விமர்சனம் நியாயமற்றது என்று அன்று ஏவலைத் தடுக்கப் போராடிய ராஜர் பாய்ஷோலி வேறு சிலரோடு சேர்ந்து பின்னர் மறுத்து எழுதியிருக்கிறார். அந்த மறுப்பையும் நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ பொறுப்பும் அவர்களுடையதே. சரியான படம் இருந்திருந்தால் ஏவல் நின்றிருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஆனால் எச்சரிக்க வேண்டிய நிலையில் நிற்பவர், தன் கையிலிருக்கும் மிக வலுவான சான்றை ஒரே பார்வையில் தெரியும்படி வைத்துவிட்டுத்தான் வாதாட வேண்டும். அதைச் செய்ய அந்தப் பொறியாளர்களுக்கு ஒரு மாலைப் பொழுதுதான் இருந்தது என்பது அந்த நிகழ்வின் துயரம். உங்களுக்கு அநேகமாக அதைவிட அதிக நேரம் இருக்கும்.

வரிசை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விபத்துக்குப் பிறகு ஆணையத்தின் முன் வந்த படங்களில் ஒன்றில், ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு குட்டி ராக்கெட்டை வரைந்து, ஏவிய தேதி வரிசைப்படி அடுக்கியிருந்தார்கள். வெப்பநிலை அதன் பக்கவாட்டில் எண்ணாக எழுதப்பட்டிருந்தது. தேதி வரிசையில் அடுக்கியதால் குளிரான பயணங்கள் படம் முழுக்கச் சிதறிப்போயின. அதே ராக்கெட்டுகளை வெப்பநிலை வரிசையில் அடுக்கினால் சேதம் ஒரு பக்கமாக ஒதுங்குவது குழந்தைக்கும் தெரியும். எக்செலில் உங்கள் அட்டவணை எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில்தான் வரைபடமும் வரும். தமிழகத்தின் 38 மாவட்டங்களின் விவரத்தை அரியலூரில் தொடங்கி வேலூரில் முடியும் அகரவரிசையில் காட்டும் வரைபடங்களை அடிக்கடி பார்க்கிறோம். அகரவரிசை தேடுவதற்கு வசதி. எந்த மாவட்டம் பின்தங்கியிருக்கிறது, அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டுமென்றால், மதிப்பின்படி அடுக்குங்கள். அல்லது நீங்கள் காரணம் என்று நினைக்கும் விஷயத்தின்படி அடுக்குங்கள்.

கடைசி வரியில் ஒளிந்த எண்

கொலம்பியா ஓடம் 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்ட சுமார் 82-ஆவது நொடியில், வெளித்தொட்டியிலிருந்து பிய்ந்த ஒரு ஃபோம் துண்டு அதன் இடது இறக்கையில் மோதியது. ஓடம் வானில் சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே, அந்த மோதலால் ஆபத்து உண்டா என்று போயிங் நிறுவனப் பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். பிப்ரவரி 1 அன்று தரைக்குத் திரும்பும் வழியில் ஓடம் உடைந்து சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

விசாரணை வாரியம் 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் அந்த ஸ்லைடுகளில் ஒன்றைத் தனியாக எடுத்து அலசியிருக்கிறது. நான் அறிந்தவரை, ஒரே ஒரு ஸ்லைடை இவ்வளவு கவனமாக வாசித்துக் காட்டும் அரசு ஆவணங்கள் மிக அரிது. தலைப்பு, சோதனைகளின்படி நமக்குப் பாதுகாப்பான இடைவெளி இருக்கிறது என்று ஆறுதல் தரும் தொனியில் இருந்தது. அதன் கீழே புள்ளி, புள்ளிக்குள் கோடு, கோட்டுக்குள் இன்னொரு குறி என்று படிப்படியாக உள்ளே போகும் வரிகள். கடைசி வரிகளில்தான் உயிர்போகும் செய்தி இருந்தது: முன்பு சோதனை செய்த ஃபோம் துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணித்த துண்டு 1,920 கன அங்குலம். 640 மடங்கு! அந்தச் சோதனை முடிவுகளை இந்த மோதலுக்குப் பொருத்தவே முடியாது என்பதுதான் இதன் பொருள். தலைப்பை வாசித்துவிட்டு நகரும் ஓர் உயர் அதிகாரிக்கு அது எட்ட வழியே இல்லை.

இந்த ஸ்லைடைத் திருத்துவது நல்ல பயிற்சி. ஒரு தாளில் செய்து பாருங்கள். முதலில் தலைப்பு. அது முடிவைச் சொல்லும் முழு வாக்கியமாக இருக்கட்டும்: "மோதிய துண்டு, நாம் சோதித்ததைவிட 640 மடங்கு பெரியது." அடுத்து, ஒப்பீடு. மூன்று கன அங்குலத்தை ஒரு கனசதுரமாக நினைத்தால் அதன் பக்கம் நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு. 1,920 கன அங்குலத்தின் பக்கம் 31 சென்டிமீட்டருக்கும் அதிகம். இரண்டு அட்டைப்பெட்டிகளை இந்த அளவில் செய்து கூட்ட மேசைமீது வைத்தால் போதும், ஸ்லைடே வேண்டாம்.

பெட்டிகளைத் திரையில் வரைய நினைத்தால் ஓர் எச்சரிக்கை. கன அளவு 640 மடங்கு என்றாலும் பக்கம் எட்டரை மடங்குதான். தட்டையான சதுரங்களாக வரைந்தால் கண் பரப்பைத்தான் பார்க்கும். அது சுமார் 74 மடங்கு. ஆக, மூன்று எண்களில் எதைப் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார் என்று உங்களால் சொல்ல முடியாது. எண்ணிக்கையைப் பணமூட்டையாகவோ மனித உருவமாகவோ பெரிதாக்கிக் காட்டும் படங்கள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. விற்பனை இருமடங்கானது என்று மூட்டையின் உயரத்தை இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும்.

புள்ளிவரிகளை என்ன செய்வது? அவை உங்களுக்கான நினைவூட்டல் குறிப்புகள். அவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் உள்ளதை அப்படியே வாய்விட்டு வாசித்தால், கேட்பவர் ஒரே வாக்கியத்தைக் கண்ணாலும் காதாலும் வெவ்வேறு வேகத்தில் வாங்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும். கற்றல் உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் தன் ஆய்வுகளில் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார். படத்தைக் காட்டி வாயால் விளக்குவது, அதே விளக்கத்தை எழுத்திலும் சேர்த்துக் காட்டுவதைவிட நன்றாக மனதில் நிற்கிறது. கூட்டம் முடிந்தபின் படிக்க விவரம் வேண்டுமென்றால் அதைத் தனி அறிக்கையாகக் கொடுங்கள். திரையும் அறிக்கையும் ஒரே கோப்பாக இருக்க வேண்டும் என்று மேலதிகாரி வற்புறுத்தினால், விவரத்தை ஸ்லைடின் கீழுள்ள குறிப்புப் பகுதியில் எழுதிக் கொடுக்கலாம்.

எந்த வரைபடம்?

இதைப் பற்றிப் பல நூல்களில் நீண்ட பட்டியல்கள் உண்டு. எனக்குத் தெரிந்து பத்தில் ஒன்பது முறை பட்டை வரைபடமோ கோட்டு வரைபடமோ போதும். வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவுகோலில் உள்ள புள்ளிகளின் இடத்தைக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது, அதற்கு அடுத்து நீளத்தை, அதன்பின் கோணத்தையும் பரப்பையும் என்று காட்டினார்கள். வட்ட வரைபடம் கோணத்தையும் பரப்பையும் நம்பியிருப்பது. பாதி, கால் என்று இரண்டு மூன்று பங்குகள் மட்டும் இருந்தால் அது நன்றாக உதவும். எட்டு நிறங்களில் எட்டுத் துண்டுகள் இருந்தால் எது பெரியது என்றே தெரியாது. முப்பரிமாண வடிவம் முன்னால் உள்ள துண்டைப் பெருக்கிக் காட்டும். அதை எப்போதும் தவிருங்கள்.

பட்டையின் அடி பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும். 96 சதவீதத் தேர்ச்சி பெற்ற பள்ளியையும் 98 சதவீதம் பெற்ற பள்ளியையும் 95-இல் தொடங்கும் அச்சில் வரைந்தால் இரண்டாவது பட்டை முதலாவதைவிட மூன்று மடங்கு உயரமாகத் தெரியும். எண்கள் உண்மை, படம் பொய். கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாக இல்லை; அங்கே நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை.

நிறத்தில் சிக்கனம் காட்டுங்கள். நீங்கள் பேசப்போகும் ஒரே பட்டைக்கு அழுத்தமான நிறம், மற்றவற்றுக்குச் சாம்பல். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைத்துப் பொருளை உணர்த்தாதீர்கள். ஆண்களில் கணிசமானோருக்கு அந்த இரண்டையும் பிரித்தறிவது கடினம். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று ஓரத்தில் ஒரு கட்டத்தில் எழுதுவதைவிட, கோட்டின் முனையிலேயே பெயரை எழுதிவிடுவது நல்லது.

சிக்கலான வரைபடத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006-இல் டெட் மேடையில் பேசியதைத் தேடிப் பாருங்கள். ஒரே படத்தில் உலக நாடுகள் அத்தனையும் குமிழ்களாக நகரும். ஆனால் நகரவிடுவதற்கு முன் அவர் நிதானமாகச் சொல்கிறார்: இந்த அச்சு ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தைகள், இந்த அச்சு ஆயுட்காலம், குமிழின் அளவு மக்கள்தொகை. அதன்பிறகே ஆண்டுகள் ஓடுகின்றன. உங்கள் படத்துக்கு நீங்கள் பல நாளாகப் பழகிவிட்டீர்கள். எதிரே இருப்பவர் இப்போதுதான் பார்க்கிறார். அச்சுகளை முதலில் சொல்லுங்கள், பிறகு ஒரே ஒரு புள்ளியைத் தொட்டு அது என்ன என்று சொல்லுங்கள், அதன்பின் முழுப் படத்துக்கு வாருங்கள்.

பொருளையே காட்டுவது

1986 பிப்ரவரி 11 அன்று ரோஜர்ஸ் ஆணையத்தின் பொது விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஓ-ரிங் ரப்பர் துண்டு ஒன்றைச் சிறிய இடுக்கியில் அழுத்தி, குடிக்க வைத்திருந்த பனிக்கட்டித் தண்ணீரில் போட்டார். வெளியே எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ராக்கெட் இணைப்பைப் பற்றிய பக்கம் பக்கமான சாட்சியங்களைப் பின்தொடர முடியாதவர்களுக்கும் அந்தச் சில நொடிகளில் விஷயம் புரிந்தது.

அதைத் திடீரென்று தோன்றிய யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். அவர் கடையில் இடுக்கி வாங்கி, முன்கூட்டியே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். விசாரணையில் அவசரப்பட்டு முன்பே தொடங்கப் போனபோது, பக்கத்தில் இருந்த ஆணைய உறுப்பினர் ஜெனரல் டொனால்ட் குட்டினா கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். இணைப்பின் படம் திரைக்கு வந்து, பேச்சு ரப்பரைத் தொட்ட நேரத்தில் செய்தபோதுதான் அது வேலை செய்தது. பொருளைக் காட்ட நினைப்பவர் இந்த இரண்டையும் கற்றுக்கொள்ள வேண்டும்: ஒத்திகையும் தருணமும்.

கொலம்பியா விசாரணையிலும் இதேபோல ஒன்று நடந்தது. இவ்வளவு லேசான ஃபோம் இறக்கையை உடைக்காது என்று நம்பியவர்கள் நாசாவிலேயே இருந்தார்கள். 2003 ஜூலை 7 அன்று டெக்சாஸின் சான் அன்டோனியோவில், உண்மையான இறக்கை முனைத் தகட்டின் மீது ஃபோம் துண்டை வாயுத் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார்கள். தகட்டில் சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. கணக்குகளால் தீராத விவாதம் அத்தோடு தீர்ந்தது.

சிறிய பொருள் என்றால் பின்வரிசைக்குத் தெரியாது. கைப்பேசிக் கேமராவைத் திரையோடு இணைத்து அதன் முன்னால் காட்டுங்கள். பொருளைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பிக்கொண்டே பேசாதீர்கள். அது எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசை உங்கள் பேச்சைக் கேட்காது. பேசி முடித்தபின் மேசையருகே வந்து பார்க்கச் சொல்லலாம்.

திரையும் மின்சாரமும் இல்லாத இடங்களில் தரையே போதும். ராபர்ட் சேம்பர்ஸ் போன்றோர் 1990-களில் பரவலாக்கிய பங்கேற்பு ஊரக மதிப்பீட்டில், ஊர் மக்களே கோலமாவு, கல், இலை கொண்டு தங்கள் ஊரின் படத்தைத் தரையில் போடுவார்கள். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்று அவர்களே குறிப்பார்கள். இந்தப் படத்தை யாரும் குனிந்து திருத்தலாம். ஒருவர் வைத்த கல்லை இன்னொருவர் நகர்த்தி வைக்கும்போது எழும் வாதம் எந்தக் கேள்வித்தாளிலும் கிடைக்காத தகவல். கிராமசபையில் பேச வேண்டியவர்கள் புரொஜெக்டருக்கு அலைவதற்கு முன் இதை யோசித்துப் பார்க்கலாம்.

புகைப்படம்

சென்னை 2019-இல் தண்ணீருக்குத் தவித்தபோது புழல் ஏரியின் செயற்கைக்கோள் படங்கள் உலகமெங்கும் வெளியாயின: 2018-இல் நீர் நிறைந்த ஏரி, 2019-இல் வறண்ட தரை. எந்தப் புள்ளிவிவரமும் அந்த அளவுக்குச் செய்தியைக் கொண்டு சேர்க்கவில்லை. இரண்டும் ஒரே இடம், ஒரே உயரம், ஒரே சட்டகம் என்பதால்தான் அது சாத்தியமாயிற்று. முன்-பின் படங்களை நீங்களே எடுப்பதாக இருந்தால், முதல் படம் எடுக்கும் அன்றே இரண்டாவதைப் பற்றி யோசியுங்கள். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றீர்கள், என்ன நேரம், என்ன மாதம் என்று குறித்து வையுங்கள். ஆகஸ்டில் எடுத்த வறண்ட குளத்தையும் டிசம்பரில் எடுத்த நிறைந்த குளத்தையும் வைத்துத் தூர்வாரியதன் பயன் என்று காட்டினால் அது மழையின் பயனையும் சேர்த்துக் காட்டும்; ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஆட்கள் தெரியும் படமென்றால் அவர்களிடம் கேட்டு அனுமதி வாங்குங்கள். நோயாளிகள், குழந்தைகள் விஷயத்தில் இதில் எந்தத் தளர்வும் கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படங்கள் பெரிய திரையில் மங்கிப் போகும். எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்து திரையில்

ஆங்கிலத்தில் வந்த வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. தமிழில் ஸ்லைடு போடுபவர்கள் ஒவ்வொருவரும் தட்டுத் தடுமாறித்தான் இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்; மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. யூனிகோடிலும் நீங்கள் தேர்ந்த எழுத்துரு அரங்கத்துக் கணினியில் இல்லையென்றால் வரிகள் நீண்டு படத்தின்மீது ஏறிவிடும். கோப்பைச் சேமிக்கும்போதே எழுத்துருவை உள்ளடக்கும் வசதி பவர்பாயிண்டில் இருக்கிறது. அதோடு ஒரு பிடிஎஃப் பிரதியையும் பென்டிரைவில் வைத்திருங்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்கும் தலைப்பு தமிழில் இரண்டு வரி கேட்கும். அதற்காக எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், சொற்களைக் குறையுங்கள். 28 புள்ளிக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. வரி எங்கே உடைகிறது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், மென்பொருளிடம் விடாதீர்கள். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. வேண்டும், கூடாது, இல்லை என்று பொருளைத் தீர்மானிக்கும் சொல்லும் கடைசியில்தான். "இந்த மருந்தைக் குழந்தைகளுக்குத் தரக்" என்று ஒரு வரி முடிந்து "கூடாது" அடுத்த வரியில் தனியே விழுந்தால், ஓர் ஓட்டமாகப் பார்ப்பவர் அதைத் தவறவிடலாம். "இந்த மருந்தைக்" என்று முதல் வரியை முடித்துவிட்டு மீதியைச் சேர்த்து அடுத்த வரியில் வையுங்கள்.

மேலே சுழியும் கீழே வாலும் உள்ள எழுத்துகள் நம்மிடம் நிறைய. வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டாவிட்டால் மேல்வரியின் கூ கீழ்வரியின் கீயோடு முட்டும். தடித்த வடிவம் தனியாக வடிவமைக்கப்படாத எழுத்துருவைத் தடிப்பாக்கினால் ணு, ஞ போன்றவற்றின் உட்சுழிகள் அடைந்து கருமையாகிவிடும். சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்தாது. அழுத்தம் வேண்டுமென்றால் நிறத்தை மாற்றுங்கள்.

எண்களை அவையைப் பார்த்து எழுதுங்கள். எக்செல் அச்சில் தானாக விழும் ஏழெட்டுப் பூஜ்ஜியங்களைத் தமிழ்நாட்டு அவையில் லட்சம், கோடி என்று மாற்றுங்கள். கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பேசுகிறீர்கள் என்றால் மில்லியன்.

அரங்கத்தில்

அரை மணி நேரம் முன்னதாகப் போய், கோப்பைத் திரையில் ஓடவிட்டு, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்லைடையும் வாசித்துப் பாருங்கள். வாசிக்க முடியாத ஸ்லைடை அங்கேயே மறைத்துவிடலாம். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளி விழாத திரையின் நிறம்தான் அங்கே கறுப்பு. அதனால் சன்னல் வெளிச்சம் புகும் மண்டபத்தில் கறுப்புப் பின்னணி சாம்பலாக வெளிறிப்போகும். வெள்ளைப் பின்னணியில் கருமையான எழுத்தே அங்கே பாதுகாப்பு. மஞ்சள் எழுத்து எந்த மண்டபத்திலும் வெள்ளையோடு கரைந்துவிடும்.

லேசர் சுட்டியை அதிகம் நம்பாதீர்கள். பெரிய தொலைக்காட்சித் திரைகளில் அதன் புள்ளி சரியாகத் தெரியாது. இணையவழியில் பார்ப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. சுட்ட வேண்டிய இடத்தில் ஸ்லைடிலேயே ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். புதிய படம் திரைக்கு வந்ததும் சில நொடிகள் பேசாமல் நில்லுங்கள். அவர்கள் எப்படியும் படத்தைத்தான் பார்க்கப்போகிறார்கள், பார்த்து முடிக்கட்டும்.

படத்துக்குத் தொடர்பில்லாத எதையாவது பேச வேண்டி வந்தால் விசைப்பலகையில் ஆங்கில 'பி' விசையை அழுத்துங்கள். பவர்பாயிண்ட் திரை கறுப்பாகி எல்லோர் பார்வையும் உங்களிடம் திரும்பும். மீண்டும் அழுத்தினால் ஸ்லைடு வந்துவிடும். கேள்வி நேரத்தில் யாராவது பழைய படத்தைக் கேட்டால் ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். அந்த ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போகும். அதற்காக, ஸ்லைடுகளின் எண்ணும் தலைப்பும் அடங்கிய ஒரு தாளை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். வரும் என்று எதிர்பார்க்கும் கேள்விகளுக்கான கூடுதல் வரைபடங்களைக் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் சேர்த்து, அவற்றின் எண்களையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.